காக்ளியர் கருவி: சிகிச்சையும் அப்பியாசமும்

காற்றின் அதிர்வாக வந்து செவிப்பறையைத் தட்டும் ஒலி, நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகளைக் கடந்து, நத்தையோட்டைப் போல் இரண்டரைச் சுற்றுக்குச் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்ற உட்காதின் அவயவத்தை அடைந்து, அதனுள் நிறைந்த திரவத்தை அசைக்கும்போது, அங்கே வரிசையாக நிற்கும் சுமார் 15,000 மயிரணுக்களின் உதவியால் அந்த அசைவு மின் துடிப்பாக மாறிச் செவிநரம்பைச் சேருகிறது. பிறவிக் குறையாலோ, மூளைச்சவ்வு ஜுரத்தாலோ, சில மருந்துகளின் விஷத்தன்மையாலோ இவ்வணுக்கள் அழிந்துவிட்டால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காது மிஷினாலும் அப்போது பிரயோஜனம் சொற்பமே. ஆயினும், அணுக்கள் மாண்ட பின்னும் நரம்பு பெரும்பாலும் உயிரோடிருக்கிறது என்ற ஆதாரத்தின் மீதே, அந்நரம்பை மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் சிகிச்சை முழுவதும் நிற்கிறது.

1957-இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, ஏரியேஸ் என்ற இருவரும், 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸில் வில்லியம் ஹவுஸும் நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டிப் பார்த்தனர். ஒற்றை மின்முனையால் ஒலியின் இருப்பும் தாளமும் புலப்பட்டனவேயன்றிப் பேச்சு தெளியவில்லை. காக்ளியாவின் அடிப்பகுதி உச்ச சுருதியையும் நுனிப்பகுதி தாழ்ந்த சுருதியையும் ஏற்பதால், பல மின்முனைகளை அச்சுருளின் ஆழம்வரை செலுத்த வேண்டியிருந்தது. செவிப்புலன் இழந்த தந்தைக்குப் பிறந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், 1977-இல் ஒரு கடற்கரையில் சங்கோட்டுக்குள் புல்லிதழைச் செருகிப் பார்த்து, நுனி நெகிழ்ந்தும் அடி விறைத்தும் இருப்பதே வளைந்து உள்ளே செல்லும் என்று கண்டார்; அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மெல்போர்னில் தம் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்.

இன்று இந்தச் சஸ்திர சிகிச்சை, முழு மயக்கத்தில், பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிறது. காதுக்குப் பின்னால் தோலைக் கீறி, எலும்பைக் குடைந்து, முகத்தை இயக்கும் நரம்புக்கு ஊறு நேராமல் ஒரு சிறு வழி அமைத்து, மின்முனைச் சரத்தைக் காக்ளியாவுக்குள் நுழைத்தபின், அதனோடு இணைந்த வாங்கியைத் தலைத்தோலின் கீழ் படிய வைக்கிறார்கள். அநேகர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். சில நாள் வலியும் தலைச்சுற்றலும் இருக்கலாம். சுவை நரம்பு அருகிலேயே ஓடுவதால் நாவில் ருசி மாறித் தோன்றுவதும் உண்டு. எஞ்சியிருந்த இயற்கைக் கேள்வி அந்தக் காதில் போய்விடவும் கூடும். மூளைச்சவ்வு ஜுரத்தைத் தடுக்கும் ஊசிகளை முன்னரே போட்டுக்கொள்வதும், பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கருவி இருப்பதை முதலிலேயே சொல்வதும் அவசியம்.

சிகிச்சை முடிந்த அன்றே காது கேட்டுவிடும் என்று எண்ணுவோர் பலர். காயம் ஆற மூன்று நான்கு வாரங்கள் விட்டு, காந்தத்தால் ஒட்டும் வெளிக்கருவியை அணிவித்து, மின்சாரத்தைத் திறக்கும் ‘சுவிட்ச் ஆன்’ நாளில்தான் முதல் ஒலி எழுகிறது. அதுவும், முன்பு கேட்டுப் பழகியவர்க்குக்கூட, கீச்சொலியாகவோ உலோக நாதமாகவோ தோன்றுமேயன்றிப் பழைய குரலாக இராது. ஆயிரக்கணக்கான அணுக்கள் செய்த தொழிலை ஒன்றிரண்டு டஜன் மின்முனைகள் ஏற்கின்றன. அவை அனுப்பும் புதிய சமிக்ஞைக்கு அர்த்தம் கற்பிக்கும் பொறுப்பு மூளையைச் சேர்ந்தது. ஒவ்வொரு மின்முனைக்கும் உரிய அளவைத் திருத்தும் ‘மேப்பிங்’ அமர்வுகளும், தினந்தோறும் செய்யும் கேட்டல் அப்பியாசமும் மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் ஓசை சொல்லாகும். தேர்ந்தவர்க்கும் சந்தடியில் பேச்சும், சங்கீதத்தில் சுருதி நயமும் கடினமாகவே இருக்கும்.

பிறவியிலேயே கேளாத குழந்தைக்கோ காலமே பிரதானம். ஒலியே வாராத மூளைப்பகுதி வயது ஏறஏற மொழி பயிலும் இளக்கத்தை இழக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இச்சிகிச்சையை அளித்துவருகிறது. ஆனால் கருவி கிடைத்ததோடு கடமை தீர்ந்ததென்று பயிற்சியை நிறுத்தினால், பெற்ற பலன் பாதியிலேயே நின்றுவிடும். ஆகையால் பெற்றோர் மருத்துவரை நாடும்போது, சஸ்திர சிகிச்சை எப்படி நடக்கும் என்று கேட்பதோடு, பேச்சுப் பயிற்சி எங்கே, யாரிடம், எத்தனை காலம் என்பதையும் அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டிலுள்ளோர் அனைவரும் அக்குழந்தையோடு ஓயாமல் பேசச் சித்தமாக வேண்டும்.