கணினிக்குத் தமிழ் பழக்குதல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்த விராலிமலை என்னும் ஊர் உள்ளது. குன்றின் உச்சியில் முருகன் கோயில் கொண்டிருக்கின்றான். மயில்கள் அச்சமின்றி உலவும் இவ்வூர், அருணகிரிநாதரால் பாடப்பெற்ற சிறப்புடையது. குறவஞ்சி நாடகத்திற்கும் பெயர்பெற்றது. இக்கோயிலிற் சதிராடும் மரபில் வந்த முத்துக்கண்ணம்மாள் என்னும் அம்மையார், 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இவ்வம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுத விழைந்த அவ்வூர் மாணவி ஒருத்தி, பள்ளியிலுள்ள மேசைக் கணினியின்முன் அமர்கின்றாள் என்க. விசைகளை அழுத்துகின்றாள். திரையில் தோன்றுவன யாவும் ஆங்கில எழுத்துகளே. கணினிக்குத் தமிழ் தெரியாதுபோலும் என்று எண்ணி அவள் எழுந்துவிட்டால், ஊரின் பெருமை பேசும் கட்டுரை எழுதப்படாமலே போகும். உண்மை யாதெனின், தமிழ் அக்கணினியின் உள்ளேதான் இருக்கின்றது. அதனை வெளிக்கொணரும் அமைப்பு மட்டுமே செய்யப்படவில்லை.

கணினி விற்பனைக்கு வரும்போது, எல்லார்க்கும் பொதுவான சில அமைப்புகளோடு வருகின்றது. அவற்றைப் பயன்படுத்துவோர் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளல் வேண்டும். அம்மாற்றங்கள் இருவகைப்படும். எழுத்தின் அளவு, திரையின் நிறம், விசைப்பலகையின் மொழி முதலியன தனியொருவர் விருப்பத்தைச் சார்ந்தவை. கடிகாரம், புதிய மென்பொருள்களை நிறுவுதல் போன்றவை கணினி முழுமைக்கும் உரியவை. முன்னவற்றை எவரும் தமக்கென மாற்றலாம். பின்னவற்றை மாற்றுதற்கு நிருவாகியின் கடவுச்சொல் வேண்டும். ஒருவர் செய்யும் மாற்றம் பிறர் அனைவரையும் பாதிக்குமாதலின் இக்காவல் வைக்கப்பட்டது.

விண்டோஸ் இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகையைப் பெறும் முறை எளிதே. தொடக்கப் பொத்தானை அழுத்தி ‘அமைப்புகள்’ என்னும் பகுதியைத் திறந்து, நேரமும் மொழியும் பற்றிய பிரிவிற்குச் செல்லல் வேண்டும். அங்கு மொழியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினால், உலக மொழிகளின் நீண்ட பட்டியல் விரியும். அதன்கண் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நாட்டுப்பெயரோடு தமிழ் நான்கு இடங்களிற் காணப்படுதல் மகிழ்ச்சி தருவதாகும். இந்தியத் தமிழைத் தேர்ந்து சேர்த்தபின், அம்மொழிக்குரிய விருப்பங்களைத் திறந்து ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் சேர்த்தல் வேண்டும். மொழியைச் சேர்த்த அளவிலேயே அப்பலகை தானாக வந்துவிடும் என எண்ணுதல் கூடாது. பலர் இடறுவது இவ்விடத்திலேதான். பிறகு விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருசேர அழுத்த, தமிழும் ஆங்கிலமும் மாறிமாறி வரும்.

தமிழ் 99 என்பது 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. அதற்குமுன் தட்டச்சுப் பொறி இருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாய் நாட்டிற்குச் சென்ற முத்தையா என்பார் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய பெருமைக்குரியவர். கணினி வந்த காலத்திலோ ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைச் செய்தனர். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றொன்றிற் கண்டால், பொருளற்ற குறிகளே தோன்றும். ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறை இத்துன்பத்தை நீக்கிற்று. தமிழ்நாட்டு அரசும் 2010ஆம் ஆண்டு அதனை ஏற்றுக்கொண்டது.

தமிழ் 99 பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாகும் இலக்கணமே இதற்கு அடிப்படை. வகர விசையின்பின் இகர விசையை அழுத்தினால் ‘வி’ தோன்றும். இவ்வாறே ரகரமும் ஆகாரமும், லகரமும் இகரமும், தனி மகரம், லகரமும் ஐகாரமும் என ஒன்பது அழுத்தங்களில் ‘விராலிமலை’ முடிந்துவிடும்.

இதனினும் நயமானது புள்ளியிடும் முறை. ஒரே மெய்விசையை இருமுறை அழுத்தினால், முதலெழுத்து தானே புள்ளி பெறும். நகரத்தின்பின் தகரம், மகரத்தின்பின் பகரம் என மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. முத்துக்கண்ணம்மாள் என்னும் பெயரிற் புள்ளியெழுத்துகள் ஐந்து உள. அவற்றுள் இறுதி ளகரத்திற்கு மட்டுமே புள்ளி விசையை அழுத்தினாற் போதும். மற்றை நான்கையும் கணினியே இட்டுக்கொள்ளும். இனவெழுத்து இன்னதென்று வகுப்பிற் கற்ற மாணாக்கர்க்கு, அப்பாடம் விரல்நுனியில் வந்து உதவுகின்றது. ஆயினும் ‘மமதை’ என எழுதுவோர் இரண்டு மகரங்களுக்கும் இடையே அகர விசையை அழுத்தல் வேண்டும். மறந்தால் ‘ம்மதை’ என்றாகிவிடும். விருதின் பெயரிலுள்ள ‘ஸ்ரீ’ எழுத்திற்கு ஷிப்டு விசையின் துணை தேவைப்படும்.

எழுதத் தொடங்கியபின் எழுத்து சிறிதாகத் தோன்றினால், கண்ணைச் சுருக்கிப் படித்தல் வேண்டா. திரையைப் பற்றிய அமைப்பில் அளவை 100 விழுக்காட்டிலிருந்து 125 அல்லது 150 ஆக உயர்த்தலாம். வயது முதிர்ந்தோர் பலர் கணினியை வெறுப்பதற்குச் சிற்றெழுத்தே காரணம். அவர்க்கு இம்மாற்றத்தை முதலிற் செய்து கொடுத்தல் நன்று.

நாளைக் குறிக்கும் முறையிற் சிறிது பிழைத்தாலும் பெருந்தொல்லை விளையும். அமெரிக்க முறையில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். கணினி அம்முறைக்கு அமைந்திருப்ப, 7-6-2012 என ஒரு பிள்ளையின் பிறந்த நாளை அட்டவணையில் இட்டால், ஜூன் 7 என்பது ஜூலை 6 எனக் கொள்ளப்படும். 13-6-2012 என இட்டாலோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையின், கணினி அதனை நாளாகவே ஏற்காது. சான்றிதழிற் பிழை புகுந்தபின் அலுவலகங்களுக்கு நடப்பதினும், வட்டாரம் இந்தியா என்று முன்னரே குறித்துவிடுதல் எளிது. அவ்வாறு குறித்தால் எண்களும் 12,34,567 என இலட்சக் கணக்கிற் பிரிந்து தோன்றும்.

கடிகாரத்தையும் நோக்குதல் வேண்டும். கணினியினுள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாத வேளையிலும் காலத்தைக் காத்துவருவது அதுவே. அது தீர்ந்துவிட்டால் கணினி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். அப்போது பாதுகாப்புள்ள இணையதளங்கள் திறக்க மறுக்கும். ஏனெனில் அவற்றின் பாதுகாப்புச் சான்றுகள் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்னும் வரையறை உடையவை. விண்ணப்பம் அனுப்பும் இறுதி நாளில் இது நேர்ந்தால், இணைப்புக் கெட்டது என்றே பலரும் கருதுவர். கடிகாரத்தைத் திருத்தினால் தளம் திறந்துவிடும். மீண்டும் நேராமலிருக்க மின்கலத்தை மாற்றுதல் வேண்டும். நேர வட்டாரப் பட்டியலிற் சென்னையின் பெயர் உள்ள 5.30 மணி வரியைத் தேர்தல் வேண்டும்.

பள்ளிக் கணினியிற் பலரும் பழகுவர். ஆதலின் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கணக்கு இருத்தல் நலம். மாணவி தன் கணக்கிற் சேர்த்த தமிழ்ப் பலகையும் பெரிய எழுத்தும், அடுத்து வருவோனின் கணக்கைத் தொடமாட்டா. கட்டுரையைச் சேமித்து, கணக்கிலிருந்து வெளியேறியபின் அவள் எழலாம். மறுநாள் தன் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு வரும்போது, விட்டுச்சென்ற அமைப்புகள் விட்டவாறே இருக்கும்.