படகு வண்டியேறும் விதம்

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். இவ்வூர்ப் பெண்ணுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நகைக்கலாம். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு வந்ததைக் கண்டவர்கள் நகைக்கமாட்டார்கள்.

படகைத் தூக்கி வண்டியில் வைக்க முயல்வது வீண் சிரமம். கரையில் சரிவுத்தளம் இருந்தால் டிரெய்லரைப் பின்னோக்கி நீருக்குள் இறக்கி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்கவேண்டும். பாசி வழுக்கும் அல்லவா? பிறகு படகின் முன்முனையை டிரெய்லரின் நடுவே நேராக்கிக் கயிற்றால் இழுத்தால், பாரத்தின் பெரும்பகுதியை நீரே சுமந்துகொள்ளும். மிதப்பு விசை, சாய்தளம் என்று வகுப்பில் தனித்தனியே படித்தவை இங்கே கைகோத்து வேலை செய்கின்றன. டிரெய்லர் மிகுதியாக மூழ்கினால் படகு பக்கவாட்டில் விலகும். போதாமல் மூழ்கினால் அடிப்பாகம் உராயும். வண்டி மேலேறத் தொடங்குமுன் முன்முனையைக் கட்டிவிடவேண்டும். ஏனெனில், அதன்பின் தாங்குவதற்கு நீர் இராது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் டிரெய்லருக்குக் காத்திருக்கவில்லை. தோள்கொடுத்துப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். அங்கே இறக்கத் துறை ஏது? மூழ்கிய சாலையே சரிவுத்தளமாயிற்று! அரசுக் கணக்குப்படி 669 படகுகளில் சென்ற மீனவர்கள் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். மதிற்சுவர்களில் மோதி விரிசல் கண்ட படகுகளும் மறுபடி லாரியேறித்தான் கடற்கரை சேர்ந்தன.