எருசலேமுக்குச் சென்ற தருமப் பணம்

கிறிஸ்தவ சமயம் ஈகையைப் பற்றி யாது போதிக்கிறது என்று வினவினால், தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதையே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். அக்கதை ஒருத்தியின் உள்ளத்தைக் காட்டுகிறது. ஆனால், பலர் கூடிப் பணம் சேர்க்கும்போது எழும் சிக்கல்கள் அதில் இல்லை. யார் பொறுப்பிற் பணம் இருப்பது, யார் கணக்குக் காட்டுவது, பெறுபவர் மனம் நோகாதா என்னும் வினாக்களுக்கு விடை காண விரும்புவோர், பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம், 9ஆம் அதிகாரங்களைப் படித்தல் வேண்டும்.

கிலவுதியு என்னும் உரோமச் சக்கரவர்த்தியின் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், யூதேயாவைப் பஞ்சம் வாட்டியது. எருசலேமிலிருந்த கிறிஸ்தவர்களுட் பலர் வறியவர்கள். அவர்களை மறவேன் என அங்குள்ள மூப்பர்களுக்கு வாக்களித்திருந்த பவுல், பின்னர் கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா ஆகிய நாடுகளிலிருந்த சபைகளிடம் பணம் சேர்க்கலானார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் யூதரல்லாதார். பெற வேண்டியவர்களோ யூதர். இவ்விரு சாராரும் ஒரே பந்தியிலிருந்து உண்ணலாமா என்பதே அக்காலத்தில் பெரும் வழக்காயிருந்தது. ஆகவே அப்பணம் பசியைத் தீர்ப்பதற்கு மட்டுமன்று, பிளவைத் தீர்ப்பதற்கும் சென்றது. உரோமருக்கு எழுதும்போது அதனைக் ‘கொயினோனியா’ என்ற கிரேக்கச் சொல்லாற் குறிக்கிறார் பவுல். பங்குடைமை, உறவு என்பன அதன் பொருள். பிச்சை என்னும் நினைவே அதில் இல்லை.

அவர் வகுத்த முறை எளியது. வாரத்தின் முதல் நாளிலே ஒவ்வொருவரும் தத்தம் வரவுக்கேற்ப ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும். தாம் வந்த பிறகு அவசரமாகத் தண்டுதல் கூடாது. எவ்வளவு என்று அவர் கூறவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்த தசமபாகத்தை இங்கே அவர் எடுத்துக்காட்டவுமில்லை. இது சலுகை போலத் தோன்றலாம். உண்மையில் இதுவே கடினமானது. பத்தில் ஒன்றைச் செலுத்தியவன் மிகுதி ஒன்பதும் தன்னுடையதே என்று ஆறுதலாக இருந்துவிடலாம். அளவு குறிக்கப்படாதவனுக்கோ அவ்வாறுதல் இல்லை. வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்த்தோருள் மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்ற பழைய வரலாற்றையே அவர் நினைவூட்டுகிறார்.

கொரிந்து வாணிகஞ் செழித்த துறைமுக நகரம். அந்நகரத்தார் முந்தின ஆண்டே முன்வந்து வாக்களித்தனர், பணந்தான் சேரவில்லை. அவர்களுடைய ஊக்கத்தைப் பவுல் மக்கெதோனியாவிற் புகழ்ந்து பேசியிருந்தார். வறுமையில் உழன்ற மக்கெதோனியரோ தமக்கும் பங்கு வேண்டுமென மன்றாடித் தம் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டனர். இப்போது அவர்கள் கொரிந்துக்கு வந்து வெறும் பையைக் கண்டால் யாருக்கு வெட்கம்? பிறருக்காகக் கை நீட்டியவர்கள் இச்சங்கடத்தை நன்கறிவர். ஆயினும் பவுல் கட்டளையிடவில்லை. மனவருத்தத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுப்பதை அவர் விரும்பவுமில்லை.

பணம் புழங்குமிடத்தில் ஐயமும் புகும். கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுல், கொரிந்தியரிடம் தமக்கென்று எதுவும் பெற்றவரல்லர். இருந்தும் அவர் தந்திரமாகப் பணம் பறிக்கிறார் என்று பேச்செழுந்தது. ‘என்னை நம்புங்கள்’ என்று சொல்லி அவர் அமையவில்லை. தீத்துவோடு இன்னும் இருவரை அனுப்பினார். அவர்களுள் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டுமென்பது அவர் கொள்கை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம்மவர் சொல்வதும் இதனையே. எருசலேமை நோக்கிய பயணத்தில் பல ஊர்களைச் சேர்ந்த எழுவர் அவருடன் சென்றனர் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அவர்கள் சபைகளின் சார்பிற் பணத்துக்குத் துணையாகச் சென்றவர்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து.

புறப்படுமுன் ஓர் அச்சம் அவரை வருத்தியது. எருசலேமிலுள்ளோர் இவ்வுதவியை ஏற்பார்களா என்பதே அது. அதற்காக வேண்டுதல் செய்யுமாறு உரோமரைக் கேட்டுக்கொண்டார். கொடுப்பவனுக்குப் பெருமிதம் வரலாம். பெறுபவனுக்கோ தன்மானம் உண்டு. அவர்கள் முகமலர்ந்து ஏற்றனரா என்பதை அந்நூல் சொல்லாமலே விடுகிறது. பவுல் தேவாலயத்திற் பிடிக்கப்பட்டுச் செசரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே தேசாதிபதி பேலிக்ஸ் முன்னிலையில், தம் இனத்தாருக்குத் தருமப் பணம் கொண்டுவந்ததாக அவர் எடுத்துரைத்தார். பேலிக்ஸ் அதன்பின் அவரை அடிக்கடி அழைத்துப் பேசினான். கைலஞ்சம் கிடைக்குமென்பது அவன் எதிர்பார்ப்பு. இரண்டாண்டுகள் சென்றன. பேலிக்ஸ் பதவி நீங்கிப் போனபோதும் பவுல் காவலிலேயே இருந்தார்.