இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?



மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த பவுல் அப்போஸ்தலன், தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில் என்னென்ன பொருட்களைக் கேட்டார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி ஒன்று. புத்தகங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, தோலில் எழுதப்பட்ட சுருள்கள். குளிர்காலம் நெருங்குகிறது, ஆகவே அங்கி வேண்டும் என்பது நமக்கு விளங்குகிறது. தமது ஓட்டம் முடிந்துவிட்டதாக அதே அதிகாரத்தில் எழுதியவருக்குப் புத்தகங்கள் எதற்கு? வேதாகமக் கல்லூரியில் பயின்ற நாட்களில் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவேன். ஐம்பது வயதைத் தாண்டிய இந்நாட்களில் அங்கே சற்று நின்றுதான் போகிறேன். அவை என்ன புத்தகங்கள் என்று அவர் சொல்லாமல் விட்டுவிட்டாரே என்ற குறையும் எனக்கு உண்டு.

கடந்த ஓர் ஆண்டாக, வீடு சந்திக்கச் செல்லும்போது, ஜெபம் முடிந்து தேநீர் வரும் இடைவேளையில் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறேன். "இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?" எங்கள் சபையார் பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் ஆவர். தாராவி தொடங்கிக் கல்யாண் வரை சிதறிக் குடியிருக்கிறார்கள். முதல் விடை எல்லா வீட்டிலும் ஒன்றே: "வேதாகமந்தான், ஐயா." போதகரைக் கண்டவுடன் நாவில் வந்து நிற்கும் விடை அது. மற்ற விடை வெளிவர, தேநீர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த அச்சத்திற்குக் காரணம் ஊழியர்களாகிய நாங்களே, குறிப்பாக நானே. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு வீட்டிற்குச் சென்றேன். பள்ளி இறுதி வகுப்பில் படித்த மகன் கட்டிலில் படுத்து ஒரு சரித்திரக் கதையை வாசித்துக்கொண்டிருந்தான். கதைப் புத்தகங்கள் ஆத்துமாவிற்கு எப்படிக் கண்ணியாகின்றன என்று அவனுடைய பெற்றோர் முன்னிலையில் கால் மணி நேரம் பேசினேன். எனக்கு அது வைராக்கியமாகத் தோன்றிற்று. சென்ற ஆண்டு அதே மகனை, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக, அவனுடைய வீட்டில் சந்தித்து என் கேள்வியைக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "நீங்கள் சொன்ன அன்றைக்கு நிறுத்தினதுதான், ஐயா. பிறகு கையே போகவில்லை" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அவனுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதை முழுவதும் என் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் ஒரு பங்கு என்னுடையது. படியிறங்கும்போது கால் கனத்தது.

இனி, தேநீர் ஆறியபின் கிடைத்த விடைகளுக்கு வருகிறேன்.

இரவுக் காவல் வேலை செய்யும் ஒரு சகோதரர், கல்கியின் 'பொன்னியின் செல்வனை' கைப்பேசியில் மூன்றாம் முறையாக வாசித்து வருகிறார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டதால் மலிவுப் பதிப்புகளாகவும், செலவில்லாமலும் இன்று கிடைக்கின்றன. 2022-லும் 2023-லும் திரைப்படம் வெளிவந்தபோது அவருடைய மகன் முதன்முறையாக, "அப்பா, கதையில் அடுத்து என்ன?" என்று கேட்டானாம். "இருபது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஐயா" என்றார் அவர்.

வேறொரு வாலிபர் கையில் 'எரியும் பனிக்காடு' இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், 1969-இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதிய நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியது. மேஸ்திரியின் முன்பணத்தையும் வாக்குறுதியையும் நம்பி, நெல்லைச் சீமையிலிருந்து ஆனைமலைத் தோட்டத்திற்குப் போய்த் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும் கணவன் மனைவியின் கதை. நடைபெறும் காலம் வெள்ளையர் ஆட்சி. இந்த வாலிபர் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். பாதி புத்தகத்திற்கு மேல் இரவில் நித்திரை வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் இப்போது அதிகமாகக் கைமாறுவது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். முதலில் வாசித்த சகோதரியின் தாயார் உப்பளத்தில் வேலை செய்தவர். "அம்மாவின் பாதம் ஏன் அப்படி வெடித்துக் கிடந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. கல்யாண வீட்டில் அம்மா செருப்பில்லாமல் நிற்கும்போது வெட்கப்பட்டேன்" என்றார். அப்புத்தகம் இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது. ஓரங்களில் மஞ்சள் கறை படிந்துவிட்டது. சமையற்கட்டிலும் வாசிக்கிறார்கள் என்று தெரிகிறது.

வயது முதிர்ந்த மூப்பர் ஒருவர், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகத்தை' நாளுக்குப் பத்துப் பாடலாக வாசிக்கிறார். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 1894-இல் வெளியான காவியம் அது. மேடையில் நான் பலமுறை புகழ்ந்த நூல். முழுவதும் வாசித்தவனல்லேன் என்று அவரிடம் சொல்லும்படி ஆயிற்று.

வாழ்க்கையில் வெற்றிபெறப் பத்து வழிகள் சொல்லும் புத்தகங்களையும் சிலர் காட்டினார்கள். அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகமில்லை. வாசித்தவர்களும் அதிகம் சொல்லவில்லை.

ஒரு மனிதரிடம் 'என்ன வாசித்திருக்கிறீர்' என்று கேட்பது சிறிய காரியமல்ல. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் அது நடந்தது. இருபத்தைந்து வயதில் கல்லூரித் தமிழாசிரியராகியிருந்த உ.வே. சாமிநாதையரிடம், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் இதே கேள்வியைக் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் அல்லவா? அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள் என்று ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணியை வாசித்ததுண்டா என்றார். இல்லை என்பதைத் தவிர ஐயரிடம் விடை இல்லை. முதலியார் பரிகாசம் செய்து அனுப்பிவிட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவரோ தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார்; ஐயரோடு சேர்ந்து தாமும் வாசிக்க அமர்ந்தார்.

சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்தில் வளர்ந்த கல்வி அதற்கு உரை சொல்லப் போதவில்லை. ஆகவே ஐயர் அவ்வூர்ச் சமணர்களின் வீடுகளைத் தேடிச் சென்றார். ஒரு வீட்டில் தோரணங்கள் கட்டப்பட்டிருந்தன. என்ன விசேஷம் என்று கேட்டார். வீட்டில் வாசித்து வந்த சிந்தாமணி அன்றைக்கு நிறைவு பெறுகிறது என்றார்கள். பெரும் புலவர்களுக்கே எட்டாதிருந்த நூல், அந்த வீட்டாருக்குக் கூடி வாசிக்கும் பண்டிகையாக இருந்தது! அவர்களிடம் ஐயர் பாடங்கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னர் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் அச்சேறின. இவற்றையெல்லாம் தம் 'என் சரித்திரத்தில்' அவரே விவரித்திருக்கிறார். அதை எழுதி முடிக்குமுன் 1942-இல் காலமானார். இந்த மாதம் நான் வாசித்துக்கொண்டிருப்பது அதுதான். என் விடையையும் சொல்லியாக வேண்டுமல்லவா?

அந்தச் சமணர் வீட்டை நினைப்பூட்டிய ஒரு வீடு நம் மத்தியிலும் உண்டு. அங்கே ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குத் தமிழில் வாசிக்கத் தெரியாது. பேத்தி ஆங்கிலத்தில் வாசிப்பது ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியின் நாட்குறிப்பு. ஆம்ஸ்டர்டாம் நகரில், தகப்பனாரின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில், 1942 ஜூலை முதல் எட்டுப் பேர் நாஜிகளுக்கு மறைந்து வாழ்ந்தபோது எழுதியது. மாலையில் ஆச்சி காய் நறுக்க, பேத்தி அன்று வாசித்ததைத் தமிழில் சொல்வாள். "அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு யார் கொண்டு கொடுக்கா?" "அந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஏன் ஒத்துப்போக மாட்டேங்குது?" என்று ஆச்சி கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

நான் சென்ற நாளில் கதை 1944 ஜூனுக்கு வந்திருந்தது. நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கிவிட்டன என்று ஆச்சி எனக்கே விவரம் சொன்னார். பேத்தி என்னைப் படிக்கட்டருகே அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் கேட்டாள். நாட்குறிப்பு ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நிற்கிறது. 4-ஆம் தேதி எல்லாரும் பிடிபட்டார்கள். மறு ஆண்டு அந்தப் பெண் முகாமில் இறந்துபோனாள். எட்டுப் பேரில் தகப்பன் மாத்திரம் திரும்பி வந்தார். "இதை ஆச்சியிடம் எப்படிச் சொல்வேன், ஐயா? சொல்லாமல் விட்டுவிடவா?"

உள்ளே வந்தோம். ஆச்சி அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க படிச்சவங்க. அந்தப் பிள்ளை தப்பிச்சிருப்பா, இல்லையா?"

"பேத்தி சொல்லுவாள், ஆச்சி" என்றேன்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.