எட்டும் தூரம், நிற்கும் தூரம்

ஓர் ஆயுதத்தைப் பற்றி முதலில் எழும் கேள்வி அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் அதை ஏந்தியவர் எந்தத் தூரத்தில் நின்று போரிட வேண்டும், அந்தத் தூரத்திலேயே எதிரியையும் நிறுத்திவைக்க அவரால் முடியுமா என்னும் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காதவரை, எட்டும் தூரம் வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்கல விளையாட்டு இந்த மூன்று கேள்விகளையும் கணக்காக மாற்றி ஆட்டக்காரர் முன் வைக்கிறது. அதே கேள்விகளுக்குக் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பப்பட்ட விடை ஒன்று திண்டுக்கல் நகரை ஒட்டிய பாறையின் மேல் நிற்கிறது. திரையில் ஓடும் கணக்கைப் புரிந்துகொள்ளப் பாறையும், பாறையின் அமைப்பைப் புரிந்துகொள்ளத் திரையும் உதவுவதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பயன் தரும்.

மதுரை நாயக்க மன்னர் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கட்டிய திண்டுக்கல் மலைக்கோட்டை, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைசூர் அரசின் கைக்குப் போனது. 1755-இல் ஹைதர் அலி அங்கே பவுஜ்தாராக, அதாவது படையும் நிர்வாகமும் ஒருசேரக் கையில் உள்ள தலைவராக, அனுப்பப்பட்டார். பாளையக்காரர்களை அடக்குவதற்கென்று வந்த அவர், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு முறையான பீரங்கிப் படையையும் ஆயுதச் சாலையையும் அங்கேதான் உருவாக்கினார். இடத்தேர்வு தற்செயலானதன்று. ஒரு புறம் சிறுமலை, மறு புறம் பழனி மலைத்தொடர், நடுவே திறந்த சமவெளி, அதன் வழியே மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கரூரிலிருந்தும் பழனியிலிருந்தும் வந்து கூடும் பாதைகள் என்றிருக்கும் நிலப்பரப்பில், தனித்து எழுந்து நிற்கும் பாறையின் உச்சியில் பீரங்கி வைத்திருப்பவருக்கு, வருகிற படை நெடுந்தொலைவிலேயே கண்ணில் பட்டுவிடும்.

அக்காலப் படைகளின் ஆயுதங்கள் ஒவ்வொன்றும் ஒரு தூரத்துக்கு உரியவை. உட்புறம் வழுவழுப்பாக இருந்த குழல் துப்பாக்கியின் குண்டு அதைத் தாண்டியும் பறக்கும் என்றாலும், குறிவைத்துச் சுட்டுப் பயன் பெறத்தக்க எல்லை ஏறக்குறைய 100 கஜம், அதாவது 90 மீட்டர்தான். தகரக் குப்பியில் சிறு குண்டுகளை அடைத்துப் பீரங்கியில் வைத்துச் சுடுவது சில நூறு கஜம் வரை நெருங்கி வரும் காலாட்படையைச் சிதறடிக்கும். ஒற்றை இரும்புக் குண்டு அதற்கும் அப்பால் ஏறக்குறைய 1,000 கஜம் வரை வேலை செய்யும். ஆகவே கோட்டையைத் தாக்க வருபவர் முதலில் இரும்புக் குண்டின் வட்டத்தையும், அடுத்துக் குப்பிக் குண்டின் வட்டத்தையும், கடைசியாகத் துப்பாக்கியின் வட்டத்தையும் கடந்தாக வேண்டும். அவர் கையிலுள்ள துப்பாக்கியோ கடைசி வட்டத்துக்குள் வந்த பிறகே பேசத் தொடங்கும்.

ஈவ் விளையாட்டில் இந்த வட்டங்கள் எண்களாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பீரங்கிக்கும் ‘ஆப்டிமல்’ என்று ஒரு தூரம் உண்டு. அந்த எல்லைக்குள், இலக்கு அசையாமல் இருந்தால், குண்டு தவறுவது அரிது. அதற்கு அப்பால் ‘ஃபால்ஆஃப்’ எனப்படும் தேய்வுத் தூரம் தொடங்குகிறது. அங்கே சுடுவது உடனே நின்றுவிடாமல், தூரம் கூடக் கூடக் குறி தவறுவது மிகுந்துகொண்டே போகிறது. ஆப்டிமல் 10 கிலோமீட்டர், ஃபால்ஆஃப் 10 கிலோமீட்டர் உள்ள பீரங்கியை எடுத்துக்கொண்டால், 20 கிலோமீட்டரில் நிற்கும் கலத்தின் மேல் பாதிக் குண்டுகளே படும். 30 கிலோமீட்டரில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 குண்டுகள்தான் படும். தூரம் சீராகக் கூடும்போது பயன் சீராகக் குறையாமல் செங்குத்தாகச் சரிகிறது என்னும் இந்த ஒரு செய்தியை மனத்தில் வாங்கிக்கொள்ளாத புதிய ஆட்டக்காரர்கள், எட்டும் தூரத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, சுட்டும் பயனில்லையே என்று திகைக்கிறார்கள்.

மிகத் தொலைவு கெடுதல் என்பது எவருக்கும் எளிதில் விளங்கும். மிக அருகும் கெடுதலாகலாம் என்பதே இந்த விளையாட்டின் நுட்பமான பகுதி. மலைக்கோட்டையின் மேல் நின்று பார்ப்பவருக்கு நான்குவழிச் சாலையில் போகும் லாரி ஊர்வதுபோலத் தெரியும். அதே லாரியைச் சாலையோரத்தில் நின்று பார்ப்பவர் சட்டெனத் தலையைத் திருப்பினால்தான் அதன் பின்புறத்தையாவது காண முடியும். லாரியின் வேகம் மாறவில்லை, பார்ப்பவர் திரும்ப வேண்டிய வேகம்தான் மாறியது. ஈவில் ஒவ்வொரு பீரங்கியும் எவ்வளவு விரைவாகத் திரும்ப வல்லது என்பதற்கு ‘டிராக்கிங்’ என்று ஓர் அளவு இருக்கிறது. பெரிய கலத்தின் பெரிய பீரங்கி மெதுவாகத் திரும்புவதால், சிறிய கலம் ஒன்று அதை நெருங்கி விரைந்து வட்டமிடத் தொடங்கினால், பெரிய பீரங்கியின் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிடத்தில் போகின்றன. ஒரே அடியில் சிறு கலத்தை உடைக்க வல்ல ஆயுதம், அந்த அடியைக் கொடுக்கவே முடியாமல் நிற்கிறது.

பாறை மேலிருந்த பீரங்கிக்கும் இதே குறைபாடு இருந்தது. அங்கே சிக்கல் திரும்புவதில் இல்லை, தாழ்த்துவதில் இருந்தது. வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் குழலுக்குள் தளர்வாகக் கிடக்கும் குண்டு உருண்டு வெளியே வந்துவிடும் என்பதால் அதை நார்த் திணிப்பு வைத்து இறுக்க வேண்டியிருந்தது. பீரங்கி வண்டியும் ஓரளவுக்கு மேல் முன்பக்கம் சாயாது. இதனால் மலைக்கோட்டை எதுவாயினும் அதன் அடிவாரத்தில், உச்சிப் பீரங்கி எட்டாத ஒரு குருட்டுப் பகுதி உண்டு. நீண்ட கை உடையவரின் பலவீனம் அவர் காலடியிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லில் சரிவுகளைச் சுற்றி மதில் வளைந்து செல்வதையும், வெவ்வேறு முனைகளில் பீரங்கிக்கு இடம் ஒதுக்கியிருப்பதையும் பார்க்கிறவர் இந்தக் காரணத்தை நினைவில் கொள்ள வேண்டும்: ஒரு மேடையின் குருட்டுப் பகுதியை இன்னொரு மேடை பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும். ஈவில் பெரிய கலங்களோடு சிறு கலங்களைக் காவலுக்கு அனுப்புவதும் இதே காரணத்தால்தான்.

தூரத்தைக் குண்டின் வகையாலும் மாற்றலாம். ஈவில் ஒரே துப்பாக்கிக்கு ‘ஆன்டிமேட்டர்’ என்னும் குண்டை இட்டால் சேதம் மிகுந்து, எட்டும் தூரம் பாதியாகக் குறைகிறது. ‘அயர்ன்’ என்னும் குண்டை இட்டால் தூரம் 60 சதவீதம் கூடி, சேதம் பாதிக்கும் கீழே போகிறது. குண்டை மாற்ற நொடிகள் சில தேவைப்படும். அந்த நொடிகளில் கலம் சுடாமல் இருக்கும். லேசர் ஆயுதங்களில் மட்டும் படிகத்தை ஏறக்குறைய உடனுக்குடன் மாற்றலாம் என்பதால், இடைவெளி நிலையாக இல்லாத சண்டைகளில் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி மூன்றாவது கேள்வி. தனக்கு உகந்த தூரத்தை அறிந்தவர் அதை எதிரியின் மேல் எப்படித் திணிப்பது? கோட்டைக்கு அந்த வேலையை மதிலும் பாறைச் சரிவும் செய்தன. விண்வெளியில் மதில் இல்லாததால் வேகமே மதிலாகிறது. எதிரியைவிட வேகமாக ஓட வல்ல கலமே இடைவெளியைத் தீர்மானிக்கிறது. மெதுவான கலம் எவ்வளவு பெரிய ஆயுதம் வைத்திருந்தாலும், மற்றவர் தேர்ந்த தூரத்தில்தான் போரிட வேண்டும். இதனால் அங்கே இரண்டு போர்முறைகள் உருவாகியுள்ளன. விலகி நின்று, எதிரியின் ஆயுதம் எட்டாத தூரத்திலிருந்தே அவரைத் தேய்ப்பது ‘கைட்டிங்’. பாய்ந்து நெருங்கி, பிடித்து வைத்து, முழு பலத்தோடு அடிப்பது ‘பிராலிங்’. இரண்டையும் பிரிக்கும் கோடு பிடிக்கும் கருவிகளால் வரையப்படுகிறது. கலம் தப்பி ஓடுவதைத் தடுக்கும் ‘டிஸ்ரப்டர்’ என்னும் கருவியின் உயர் வகை 24 கிலோமீட்டர் எட்டும். தப்புவதைத் தடுப்பதோடு அதிவேக இயந்திரத்தையும் அணைத்துவிடும் ‘ஸ்கிராம்ப்ளர்’ 9 கிலோமீட்டர்தான் எட்டும். வேகத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும் ‘வெப்’ 10 கிலோமீட்டர் எட்டும். ஆகவே விலகிப் போரிடுபவர் 10 கிலோமீட்டருக்கு வெளியேயும் 24 கிலோமீட்டருக்கு உள்ளேயும் உள்ள வளையத்தில் வாழ்கிறார். உள்விளிம்பைத் தாண்டினால் அவரே பிடிபடுவார், வெளிவிளிம்பைத் தாண்டினால் இரை நழுவிவிடும்.

இந்த வளையத்தில் நிற்பவரை ஏமாற்றும் வழி ஒன்று தனியே சொல்லத்தக்கது. விலகி நிற்பவர், 20 கிலோமீட்டர் இடைவெளியைத் தானாகவே காக்கும்படி கலத்துக்குக் கட்டளையிட்டுவிட்டுச் சுடுவதில் கவனம் செலுத்துகிறார் என்று கொள்வோம். நெருக்கச் சண்டைக்காரர் அவரிடமிருந்து விலகி நேர்கோட்டில் ஓடுகிறார். இடைவெளி விரிவதைக் கண்ட கலம் கட்டளைப்படி முழு வேகத்தில் துரத்துகிறது. அந்த வேகம் உச்சத்தை எட்டிய நொடியில் ஓடியவர் சட்டென எதிர்த்திசையில் திரும்புகிறார். கனமான கலம் உடனே நிற்காது என்பதால், துரத்தியவர் தன் உந்துவிசையாலேயே 10 கிலோமீட்டர் கோட்டுக்குள் இழுத்து வரப்படுகிறார். ஸ்கிராம்ப்ளர் விழுகிறது, இயந்திரம் அணைகிறது. தூரத்தைக் காக்கும் பொறுப்பை ஒரு பொத்தானிடம் ஒப்படைத்ததுதான் அவர் செய்த பிழை; அனுபவசாலிகள் கலத்தின் திசையைத் தம் கையாலேயே நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் இதுதான்.

மதிலோ வேகமோ இல்லாதவருக்கு மூன்றாவது வழியாகக் காடு உண்டு. அதைத் தென்னாட்டுப் பாளையக்காரர்கள் திறமையோடு கையாண்டார்கள். வளைந்த எறிகோலான வளரியைத் தேர்ந்த கை 100 கஜத்துக்குள் குறி தவறாமல் எறிய வல்லது என்று, சின்ன மருதுவிடமே அதை எறியக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி 1830-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அது குழல் துப்பாக்கியின் பயன் எல்லைக்கு ஏறக்குறைய நிகரானது. வெட்டவெளியில் பீரங்கியின் முன் வளரிக்கு வாய்ப்பில்லை. முள்ளும் புதரும் அடர்ந்து, சில கஜங்களுக்கு அப்பால் கண் எட்டாத காட்டில் பீரங்கியின் 1,000 கஜம் பொருளற்றுப் போகிறது. திண்டுக்கல் வட்டாரத்தின் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரும் மருது சகோதரர்களும் ஒன்றிணைந்த 1801-ஆம் ஆண்டுப் போரில், சிறுவயலிலிருந்து காளையார்கோவிலை நோக்கிக் காட்டை வெட்டிச் சாலை அமைக்க முயன்ற, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் அக்னியூவின் படை, ஒரு மாத காலம் போராடியபின் அந்த முயற்சியைக் கைவிட்டது. அந்தப் படை பின்னர் வேறு வழிகளில் வந்தே காளையார்கோவிலைப் பிடித்தது. எதிரியின் ஆயுதத்தைக் குறைக்க முடியாதபோது அதற்குத் தேவையான தூரத்தைக் குறைத்த அந்தப் போர், வீச்சைப் பற்றி எழுதப்படும் எந்த நூலிலும் இடம்பெறத் தக்கது.

மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அட்டைக் குழலுக்குப் பதிலாக இரும்புக் குழலைப் பயன்படுத்தியதால் அவை அதிக அழுத்தத்தைத் தாங்கி, நெடுந்தொலைவு சென்றன; ஆனால் தனி ஒன்றைக் குறிவைக்க இயலாததால் கூட்டமாக ஏவப்பட்டன. ஈவின் ஏவுகணைகள் குறியைத் தாமே தேடிச் செல்லும். அவற்றின் எட்டும் தூரம் பறக்கும் வேகத்தைப் பறக்கும் நேரத்தால் பெருக்கிக் கிடைப்பது. டிராக்கிங் சிக்கல் அவற்றுக்கு இல்லை என்றாலும், சிறிய கலம் வேகமாக ஓடினால் சேதம் குறையும். போய்ச் சேர நேரம் பிடிப்பதால், அதற்குள் இலக்கு கிளம்பிவிடவும் கூடும்.

1790 ஆகஸ்டில் கும்பினியின் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை திண்டுக்கல் கோட்டையை முற்றுகையிட்டது. பீரங்கிகளால் மதிலை உடைத்து, அந்த உடைப்பின் வழியே ஏற முயன்ற தாக்குதலைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் முறியடித்தார்கள். எனினும் அடுத்து அவர்களே சரணடைந்தார்கள். 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினியாருக்கு உரியதாயிற்று. தூரத்தைத் தேர்வது போரின் பெரும் பகுதியே ஒழிய முழுவதும் அன்று; உள்ளிருப்பவரின் மன உறுதியும் கையிருப்பும் சேர்ந்தே முடிவைத் தருகின்றன.

ஈவ் விளையாடத் தொடங்குபவர் ஆயுதத்தை முதலில் வாங்கிவிட்டுக் கலத்தைப் பிறகு பார்ப்பது தலைகீழான வரிசை. கலத்தின் வேகம் என்ன, அந்த வேகத்தால் எந்தத் தூரத்தைக் காக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்து, அந்தத் தூரத்தில் பலன் தரும் ஆயுதத்தையும், அதே தூரத்தை எட்டும் பிடிப்புக் கருவியையும் பொருத்த வேண்டும். 9 கிலோமீட்டர் ஸ்கிராம்ப்ளரையும் 60 கிலோமீட்டர் பீரங்கியையும் ஒரே கலத்தில் ஏற்றுவது இரண்டையும் வீணாக்கும். ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வாயிலைக் கடக்கும்போது மட்டும் இந்தத் தேர்வு கைவிட்டுப் போகிறது. வந்து சேரும் கலம் வாயிலுக்கு அருகில் எங்கோ ஓரிடத்தில் இறங்குகிறது, நெருக்கச் சண்டைக்காரர்கள் காத்திருப்பதும் அங்கேதான். ஆனால் வந்த கலம் அசையாமல் இருக்கும்வரை 60 நொடிகள் எவர் கண்ணுக்கும் தெரியாது. சுற்றிலும் நிற்கும் கலங்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடினால் 10 கிலோமீட்டர் வட்டங்களில் சிக்காமல் வெளியேறலாம் என்று கணக்கிட அந்த ஒரு நிமிடம் போதுமானது.