திருவையாற்று நீரும் கடலோர இறால் குட்டைகளும்

திருவையாற்றைக் கடந்து செல்லும் காவிரி பூம்புகாரில் கடல் சேர்கிறது. திருவையாற்றின் ஐந்தாறுகளில் ஒன்றான வெட்டாறு நாகூர் அருகே கடலைத் தொடுகிறது. அந்தக் கடைமடைக் கரையில் 1990களின் தொடக்கத்தில் நெல் வயல்கள் பல இறால் குட்டைகளாயின.

குட்டைகளுக்குக் கடல்நீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். உப்பைத் தணிக்க நிலத்தடி நன்னீரையும் உறிஞ்சினார்கள். உப்பு கசிந்து அண்டை வயல்களையும் குடிநீர்க் கிணறுகளையும் கெடுத்தது. தீவன மிச்சமும் மருந்தும் கலந்த கழிவு வாய்க்கால்களில் விழுந்தது. மீனவர்கள் காலங்காலமாகக் கடலுக்கு நடந்த பாதைகளைப் பண்ணை வேலிகள் மறித்தன. கூலிப் பெண்களின் இழப்பு இன்னும் பெரிது: நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே வேண்டும், குட்டையைக் காக்கச் சிலர் போதும்.

நிலமற்ற தலித் குடும்பங்களுக்காக 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் இந்த இறால் பண்ணைகளை எதிர்த்துச் சத்தியாகிரகம் நடத்தினர். ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. அது சொன்னது: உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் குட்டை கூடாது. பாரம்பரிய முறை இறால் வளர்ப்புக்கு மட்டும் விலக்கு. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொதுநிலம் எதையும் குட்டையாக்கக் கூடாது. சூழலைக் கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும்.

ஆனால் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு பெற்ற பண்ணைகள் தொடர வழிவிட்டது.