பூனைக்கும் பத்தியம்

"பூனைதானே, ஒரு பிடி தயிர்சாதம் போட்டால் போயிற்று" என்று சங்கத்தில் ஒரு நண்பர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முனிர்காவில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஒதுங்கிய குட்டிதான் மணி. எங்களுடையது சைவ வீடு. பாலும் தயிர்சாதமும், கடையில் விற்கும் கோழி கலந்த உலர்தீனியும் கொடுத்து வளர்த்தோம். சென்ற குளிர்காலத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. கழுத்தையும் காதோரத்தையும் ரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டது. மணி பாதியாக இளைத்துவிட்டது.

"பால் ஒத்துக்காத பூனையும் உண்டாங்க?" என்றாள் மனைவி. உண்டு. குட்டிப் பருவம் தாண்டினால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பல பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொறி அலர்ஜியாக இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். உணவிலுள்ள புரதத்தை உடம்பு பகையாக நினைப்பதுதான் அது. பூனைகளுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி, மீன், கோழி இவற்றால் வருமாம். குடற்புழுவும் தெள்ளுப்பூச்சியும் இல்லையென்று பார்த்தபின் பத்தியம் விதித்தார்: மணி இதுவரை தின்றிராத ஒரே இறைச்சி, எட்டு வாரம், வேறொன்றும் கூடாது.

ரயில்வேயில் கோளாறு தேடியவனுக்கு இது புரிந்தது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் பழுது எங்கே என்று தெரியாது.

ஆட்டிறைச்சி என்று முடிவாயிற்று. முனிர்கா கிராமத்துக் கசாப்புக் கடை வரிசையில், வாழ்நாளில் முதல் முறையாகப் போய் நின்றேன். மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்து பால்கனியில் வைத்தாள். அங்கேயே ஒரு சின்ன அடுப்பு. உப்பு, எண்ணெய், மசாலா கிடையாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் அவை அறவே கூடாது. மணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பசித்தால் தின்னட்டும் என்று விடவும் முடியாது. பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வெதுவெதுப்பாகக் கையில் வைத்து ஊட்டினோம்.

பெரிய தொல்லை அக்கம்பக்கத்து அன்புதான். மேல் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ரகசியமாகப் பால் வைத்துவிட, மூன்றாம் வாரம் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எட்டு வார முடிவில் சொறி நின்று முடி முளைத்தது. உறுதி செய்துகொள்ள மருத்துவர் சொன்னபடி பழைய தீனியைக் கொடுத்தோம். நான்காம் நாளே காதைச் சொறிந்தது. கோழிதான் குற்றவாளி!

வெறும் வேகவைத்த கறியையே காலமெல்லாம் போடவும் கூடாதாம். டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். கடைத் தீனி தின்ற பூனைகளுக்கே அது போதாமல் இதயம் பழுதானதை 1987-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு தீனிகளில் டாரினைக் கூட்டினார்கள். எனவே இப்போது புரதத்தை நுணுக்கிச் சிதைத்துத் தயாரிக்கும் மருத்துவத் தீனிக்கு மாற்றி வருகிறோம். விலை அதிகம்தான். தினம் ஒரு கரண்டி கூட்டி, ஒரு கரண்டி கறியைக் குறைத்து, பத்து நாள் கணக்கு. இன்று ஆறாம் நாள், வாந்தி இல்லை.